கனடாவின் சிற்றூர்ப் போர் நினைவுத் தூணில் இருக்கும் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவில் ஆயிரம் பேர் கூட இல்லாத ஊரிலும் ஒரு போர் நினைவுத் தூணைப் பார்க்கலாம். தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும், தேவாலயத்துப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்பும் முனையில் இருக்கும். ஊர்க்காரர்கள் செனோடாஃப் என்பார்கள். போர் நினைவு நாளான நவம்பர் 11 காலை 11 மணிக்குக் கூட்டம் கூடும், மாலை வைப்பார்கள், இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அப்புறம் அடுத்த நவம்பர் வரை அந்தப் பெயர்களை யாரும் நின்று வாசிப்பதில்லை.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ இப்படி ஓர் ஊருக்கு வந்து குடியேறியிருக்கும் நம்மவர்களில் பலர், இது பரம்பரையாக இங்கே வாழ்ந்தவர்களின் விஷயம், நமக்கு இதில் என்ன என்று ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். தேட ஆரம்பித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். 1914-ல் கப்பலேறிய கனடாவின் முதல் படையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் பிரிட்டனில் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி வந்து சில வருடங்களே ஆனவர்கள் அவர்களில் ஏராளம். அந்தக் கல்லில் இருப்பதில் பாதிக்கு மேல் புதிதாக வந்தவர்களின் பெயராகக்கூட இருக்கலாம்.

கல் ஏன் இத்தனை ஊர்களில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் உலகப் போரில் கனடாவும், அப்போது தனியாக இருந்த நியூஃபவுண்ட்லாந்தும் சேர்ந்து 66,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தன. வெளிநாட்டில் இறந்தவர்களை அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும், உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அன்றைய விதி. பிரான்சில் மட்டும் கல்லறையே இல்லாமல் போன கனடியர்கள் 11,285 பேர்; அவர்கள் பெயர்கள் விமி நினைவுச் சின்னத்தின் சுவர்களில் இருக்கின்றன. சஸ்காச்சுவானில் ஒரு பண்ணை வீட்டில் இருந்த அம்மாவுக்கு அங்கே போய்வர வழியில்லை. மகனுக்குப் பூ வைக்க அவருக்கு இருந்த ஒரே இடம் ஊர் நடுவே நிற்கும் இந்தக் கல்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கல்லை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள்

நான்கு பக்கங்களையும் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் அடிப்பீடத்தையும் விட்டுவிடாதீர்கள். கல் செதுக்கிய நிறுவனத்தின் பெயர், திறந்துவைத்த தேதி, பணம் போட்ட சங்கத்தின் பெயர் எல்லாம் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். உச்சி வெயிலில் போனால் எழுத்து தெரியாது. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்திலோ மாலையிலோ போங்கள். வடக்குப் பக்கம் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய், வெயிலைப் பிடித்து கல்லின் மேல் பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு பெயர் அப்படியே எழுந்து வரும்.

சாக்பீஸ், மாவு, சவர நுரை எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். கம்பித் தூரிகை, பிளீச், பிரஷர் வாஷர் மூன்றும் கல்லைக் கெடுத்துவிடும், அதிலும் சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் தாங்கவே தாங்காது. பாசி மூடியிருந்தால் கையால் சுரண்டாமல் ஊராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள்.

பெயர்களை எழுதும்போது கல்லில் இருப்பதை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். தப்பு என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். திருத்தத்தைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர்களுக்குப் போகும் முன் கல்லையே வாசியுங்கள்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் கல்லே நிறையச் சொல்லும். ஆண்டு 1914–1918 என்று இருக்கிறதா, 1914–1919 என்று இருக்கிறதா? சண்டை நின்றது 1918 நவம்பரில், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூனில். எதைப் போரின் முடிவாக எடுப்பது என்று ஒவ்வொரு ஊர்க் குழுவும் தானே முடிவு செய்தது. பெயர்கள் பதவி வரிசையில் இருக்கின்றனவா, பதவியே போடாமல் அகர வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பண்ணைக்காரரின் மகனும் வங்கி மேலாளரின் மகனும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு குழு உட்கார்ந்து அப்படித்தான் வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறது.

சிலையாக இருந்தால் சிற்பி யார் என்று தேடுங்கள். நோவா ஸ்கோஷியாவின் சுரங்க ஊரான வெஸ்ட்வில்லில் 1921-ல் எமானுவல் ஹான் ஒரு சிலை செய்தார். நீளமான கோட்டு போட்ட சிப்பாய், தோழனின் கல்லறைச் சிலுவையைத் தலைகுனிந்து பார்த்து நிற்கிறான். வெற்றிக் களை எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஊர்களுக்கு அது பிடித்துப்போய், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி வரை அதே வடிவம் போய் நின்றது. இதே ஹான் வினிபெக் நகரத்தின் நினைவுச் சின்னப் போட்டியில் ஜெயித்தபோது, ஜெர்மனியில் பிறந்தவர் என்று சொல்லி அவரை நிராகரித்தார்கள். மறுபடி நடந்த போட்டியில் ஜெயித்தவர் எலிசபெத் வின் வுட். அவர் ஹானின் மனைவி என்பதால் அவரையும் ஒதுக்கினார்கள். கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் இருக்கும் கப்பலும் இருபத்தைந்து சென்டில் இருக்கும் கரிபூ மானும் இந்த ஹான் வரைந்தவைதான்.

உங்கள் ஊரில் தூணே இல்லாமலும் இருக்கலாம். கல்லுக்குச் செலவு செய்வதை விட உயிரோடு இருப்பவர்களுக்கு உதவும் ஒன்றைக் கட்டலாம் என்று பல ஊர்கள் முடிவெடுத்தன. பெயரில் மெமோரியல் என்று இருக்கும் மருத்துவமனை, மன்றம், நூலகம், பனிச்சறுக்கு அரங்கம் எதுவானாலும் உள்ளே போய் வாசலருகே சுவரைப் பாருங்கள், பெயர்ப் பலகை இருக்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபீனிக்ஸ் என்று ஒரு செம்புச் சுரங்க ஊர் இருந்தது. போர் முடிந்ததும் சுரங்கம் மூடி ஊர் கலைந்தது. கிளம்புவதற்கு முன் பனிச்சறுக்கு அரங்கத்தை விற்று, அந்தப் பணத்தில் தங்கள் பையன்களுக்கு ஒரு தூண் எழுப்பிவிட்டுப் போனார்கள். இன்று அங்கே வீடுகள் இல்லை, தூண் இருக்கிறது.

படி 3: பெயரிலிருந்து ராணுவ எண்ணுக்கு

இங்கே இரண்டு இலவசத் தளங்கள் போதும். ஒன்று, கனடாவின் படைவீரர் நலத்துறை நடத்தும் கனேடியன் வர்ச்சுவல் வார் மெமோரியல். இன்னொன்று, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். கல்லில் இருக்கும் குடும்பப் பெயரையும் முதலெழுத்தையும் போட்டுத் தேடுங்கள். தேட வேண்டியது ராணுவ எண். அது கிடைத்துவிட்டால் அதே பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் குழப்பமில்லை.

ஜே. வில்சன் மாதிரிப் பெயருக்குப் பல பேர் வருவார்கள். முதலில் வருபவரையே எடுத்துக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். பெற்றோரின் முகவரி, படையில் சேர்ந்த ஊர், சேர்ந்த பட்டாலியன் (படைப்பிரிவு) மூன்றையும் ஒப்பிட்டு, குறைந்தது இரண்டு விவரங்களாவது உங்கள் ஊரோடு ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எண்களைப் பட்டாலியன் வாரியாகத் தொகுதி தொகுதியாகக் கொடுத்தார்கள் என்பதால், ஒரே ஊரில் ஒன்றாகச் சேர்ந்த பையன்களுக்கு அடுத்தடுத்த எண்கள் வருவதுண்டு. இது நல்ல துப்பு.

ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதும் சிக்கலான கேள்விதான். போர் நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால், 1918 நவம்பர் 11 காலை 10:58-க்குச் சுடப்பட்டு இறந்த ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ் நோவா ஸ்கோஷியாவின் ஃபால்மவுத்தில் பிறந்தவர். படைக்குப் போனபோது இருந்தது வெகு தொலைவில், சஸ்காச்சுவானின் மூஸ் ஜாவில். இப்படிப்பட்ட ஒருவரைப் பிறந்த ஊரும் சொந்தம் கொண்டாடும், வேலை பார்த்த ஊரும் கொண்டாடும், இரண்டு ஊருமே விட்டுவிடவும் கூடும். அதனால் உங்கள் ஊர்ப் பெயர் ஒன்று வேறு ஊர்க் கல்லிலும் இருந்தால் தப்பு என்று நினைக்காதீர்கள்.

படி 4: படைக் கோப்பைத் திறங்கள்

இந்தத் தேடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரமே வேண்டாம். முதல் உலகப் போரில் கனடியப் படையில் இருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கோப்புகளை லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடா முழுக்க ஸ்கேன் செய்து 2018-ல் முடித்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

முதல் தாள் படைச்சேர்ப்புப் படிவம். பிறந்த ஊர், நெருங்கிய உறவினர், தொழில், கல்யாணம் ஆனவரா, முன்பு படையில் இருந்தாரா என்ற கேள்விகள், அடியில் அவருடைய சொந்தக் கையெழுத்து. திருப்பினால் உயரம், மார்பளவு, கண் நிறம், முடி நிறம், மதம், உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை மருத்துவர் எழுதியிருப்பார். இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு என்ற ஒரு வரி போதும், கல்லில் வெறும் எழுத்தாக இருந்தவருக்கு ஓர் உடம்பு வந்துவிடும்.

பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். வயது போதாத பையன்கள் கூட்டிச் சொன்னார்கள், வயதானவர்கள் குறைத்துச் சொன்னார்கள். மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து வரும் தாள்களில் சுருக்கெழுத்துகள் குவிந்து கிடக்கும். டி.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள், எஸ்.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அபாய அழைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஜி.எஸ்.டபிள்யூ. என்பது குண்டுக் காயம். சி.சி.எஸ். என்பது முன்னணிக்குப் பின்னால் இருந்த கள மருத்துவ நிலையம். கே.ஐ.ஏ. களத்தில் இறந்தவர், டி.ஓ.டபிள்யூ. காயத்தால் பின்னர் இறந்தவர். தேதிகளை மட்டும் வரிசையாகத் தனித்தாளில் எழுதிக்கொண்டே போனால், அவர் எப்போது எங்கே இருந்தார் என்ற முழுப் பாதையும் கிடைத்துவிடும்.

சம்பளத் தாளைத் தாண்டிப் போகாதீர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 1 டாலர், களப்படி 10 சென்ட். அதில் மாதாமாதம் எவ்வளவு, யாருக்கு அனுப்பச் சொன்னார் என்று பதிவாகியிருக்கும். பெரும்பாலும் அம்மாவின் பெயர் இருக்கும். சில கோப்புகளில் சம்பளப் புத்தகத்தில் எழுதிய உயிலும் இருக்கும், ஒன்றிரண்டே வரிகளில், என் உடைமை எல்லாம் அம்மாவுக்கு என்று. கடைசியில் பதக்கங்கள் யாருக்குப் போயின என்ற அட்டை. மகனையோ கணவனையோ இழந்த பெண்களுக்கு 1919 டிசம்பர் முதல் கனடா வெள்ளிச் சிலுவை ஒன்று கொடுத்தது. அது அனுப்பப்பட்ட முகவரியைப் பாருங்கள், போருக்குப் பிறகு குடும்பம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அந்த முகவரி இன்னும் உங்கள் ஊர்த் தெருவாகவே இருக்கலாம்.

உறவினர் என்ற இடத்தில் பெற்றோர் யாருமே இல்லாமல், இங்கிலாந்தில் ஓர் அனாதை இல்லத்தின் பெயரோ, வேலை பார்த்த பண்ணைக்காரரின் பெயரோ இருந்தால், அவர் ஹோம் சைல்ட் என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். 1869 முதல் 1948 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குழந்தைகளைப் பிரிட்டன் கனடாவுக்குப் பண்ணை வேலைக்கு அனுப்பியது. அவர்களில் சுமார் 10,000 பேர் முதல் போரில் கனடியப் படையில் இருந்தார்கள். லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸில் இவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, எந்தக் கப்பலில் எப்போது வந்தார்கள் என்றுகூடப் பார்க்கலாம். தேடி வர ஆள் இல்லாத பெயர்கள் இவை. இவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

படி 5: அன்று என்ன நடந்தது

இறந்த தேதி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை என்றால் பிரான்சில் நடந்த விமிச் சண்டை. அந்த நான்கு நாளில் 3,598 கனடியர்கள் இறந்தார்கள். 1917 அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் என்றால் பாஷன்டேல். 1918 ஆகஸ்ட் 8 என்றால் அமியான். நியூஃபவுண்ட்லாந்து ஊர்களில் 1916 ஜூலை 1 என்ற தேதி திரும்பத் திரும்ப வரும். பிரான்சின் போமோன் ஹாமெலில் அன்று காலை சுமார் 800 பேர் முன்னேறினார்கள், மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அதனால்தான் நாடே கனடா தினம் கொண்டாடும் ஜூலை 1 காலையில் நியூஃபவுண்ட்லாந்தில் நினைவு அஞ்சலி நடக்கிறது.

தேதி தெரிந்ததும் அவருடைய பட்டாலியனின் போர் நாட்குறிப்பை எடுங்கள். அதுவும் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. அன்று மழையா, எந்த அகழியில் இருந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அதிகாரி எழுதியிருப்பார். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் வருவது அபூர்வம், எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு வழி கொஞ்சம் வேறு. இறந்தவர்களின் கோப்புகளைப் பார்க்கலாம். உயிரோடு திரும்பியவர்களின் கோப்புக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். பிரெய்ரி (மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா சமவெளி) ஊர்க் கற்களில் 1939–1945 பட்டியலில் விமானப்படையினர் நிறைய வருவார்கள். குண்டுவீச்சு விமானங்களில் பறந்து இறந்த கனடியர்கள் மட்டும் 10,000 பேர் இருப்பார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவுச் சின்னத்தில் இருக்கும். 1942 ஆகஸ்ட் 19 என்றால் டியெப், 1941 டிசம்பர் என்றால் பெரும்பாலும் ஹாங்காங்.

படி 6: ஊருக்குள் தேடுங்கள்

ராணுவத் தாள்கள் அவர் சிப்பாயாக இருந்த காலத்தைச் சொல்லும். அதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது ஊரில்தான் இருக்கிறது. பழைய வாரப் பத்திரிகைகளைப் பாருங்கள், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். ஒன்டாரியோவில் இருந்தால், பெண்கள் சங்கங்கள் தொகுத்த ட்வீட்ஸ்மியூர் ஊர் வரலாற்றுத் தொகுதிகளை நூலகத்தில் கேளுங்கள். புகைப்படமும் பத்திரிகை நறுக்கும் ஒட்டிய பொக்கிஷம் அவை. பிரெய்ரி மாகாணங்கள் மூன்றுக்கும் 1916-ல் தனி மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள், போர் நடுவே ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள் என்று அதில் தெரியும். மனிடோபாவும் சஸ்காச்சுவானும் ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் போரில் இறந்தவர்களின் பெயரை வைத்திருக்கின்றன. உங்கள் பட்டியலில் இருப்பவருக்கு ஓர் ஏரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முன்னாள் படைவீரர் சங்கமான லீஜியனின் கிளைக்கு நேரில் போங்கள். மின்னஞ்சலை விட ஒரு காபி நேரம் உட்கார்ந்து பேசுவது நூறு மடங்கு பலன் தரும். பழைய படங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் அங்கே ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும்.

படி 7: கல்லில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

இதைச் செய்யாமல் முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். 1920-களில் ஊர்க் குழு ஒன்று பட்டியல் போட்டது. யார் நம் ஊர்க்காரர் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பக்கத்திலேயே பூர்வகுடியினருக்கென ஒதுக்கியிருந்த ரிசர்வ் நிலப்பகுதிகளிலிருந்து போனவர்களைப் பல ஊர்கள் சேர்க்கவில்லை. முதல் போரில் சுமார் 4,000 பூர்வகுடியினர் பணிபுரிந்தார்கள். ஒன்டாரியோவின் வசாக்சிங் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ மூன்று முறை ராணுவப் பதக்கம் பெற்றவர். பக்கத்து ஊரான பேரி சவுண்டில் அவருக்குச் சிலை வந்தது 2016-ல்தான். நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவில் 1916-ல் உருவான 2-ம் கட்டுமானப் பட்டாலியனில் கறுப்பினத்தவரைச் சேர்த்து, துப்பாக்கி கொடுக்காமல் மரம் வெட்டவும் பாதை போடவும் வைத்தார்கள். அவர்களை நடத்திய விதத்துக்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலையில்.

விட்டுப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போருக்குப் பின் வீட்டுக்கு வந்து காயத்தாலோ நச்சுவாயுவாலோ இறந்தவர்கள். 1921 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இறந்தால் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கிலேயே வர மாட்டார்கள். தாதியர், 1918 ஜூனில் லாண்டவரி காசில் மருத்துவக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது மட்டும் 14 கனடியத் தாதியர் இறந்தார்கள். வணிகக் கப்பல் மாலுமிகள். ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் சுடப்பட்டவர்கள். அவர்களில் 23 பேரின் பெயரை நாடாளுமன்றத்தின் நினைவுப் புத்தகத்தில் சேர்க்க 2001 வரை ஆனது.

எப்படித் தேடுவது? ஊர்த் தேவாலயம், பள்ளி, ரயில் நிலையம், வங்கி ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பெயர்ப் பலகை இருந்திருக்கும். அவற்றைக் கல்லோடு ஒப்பிடுங்கள். வர்ச்சுவல் வார் மெமோரியலில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, கல்லில் இல்லாதவர்களைத் தனியாக எடுங்கள். பக்கத்து ரிசர்வின் நிர்வாகக் குழுவிடம் முறையாகக் கேளுங்கள், அவர்களிடமே பட்டியல் இருக்கலாம். அவர்கள் பெயர்களை அவர்கள் சம்மதமில்லாமல் எங்கும் சேர்க்காதீர்கள்.

படி 8: கண்டுபிடித்ததை என்ன செய்வது

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி, ஊர் நூலகத்திலும் லீஜியனிலும் ஒரு பிரதி கொடுங்கள். படம், பத்திரிகை நறுக்கு கிடைத்தால் வர்ச்சுவல் வார் மெமோரியலில் அவருடைய பக்கத்தில் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

கல்லிலேயே ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் கல் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ஊராட்சியாக இருக்கலாம், லீஜியனாகவோ தேவாலயமாகவோகூட இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ராணுவ எண், இறப்புப் பதிவு, ஊரோடு இருந்த தொடர்பு மூன்றுக்கும் ஆதாரம் வைத்து ஊர்ச் சபைக்கு எழுதுங்கள். குடும்பத்தார் யாராவது இருந்தால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள், சபைக் கூட்டத்தில்தான் அவர்கள் முதன்முதலாகக் கேள்விப்பட வேண்டும் என்பது கொடுமை. பழைய கல்லில் புதிதாகச் செதுக்குவதை விடப் பக்கத்தில் ஒரு சிறு பலகை வைப்பது கல்லுக்கு நல்லது, மழையும் பனியும் அரித்த கல்லாக இருந்தால் கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் படைவீரர் நலத்துறையின் நினைவுப் பங்காளித் திட்டத்தில் ஊராட்சிகளும் லாப நோக்கமற்ற அமைப்புகளும் நிதி கேட்கலாம்.

யாராவது கல்லைச் சேதப்படுத்தினால் உடனே படம் எடுத்துக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். 2014-லிருந்து போர் நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவது குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம், முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டாலர் அபராதம். பெயின்ட் பூசியிருந்தால் நீங்களே துடைக்க வேண்டாம், கல் பராமரிப்பு தெரிந்தவர் வரும் வரை விட்டுவிடுங்கள்.

சபையின் சம்மதம் நவம்பருக்குள் வேண்டும் என்றால் வசந்த காலத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். கல் வேலைக்காரர்களுக்குக் கோடையில்தான் வேலை ஓடும், மண் உறைந்த பிறகு அடித்தளம் போட முடியாது.